காவலும் உரிமையும்: வீரப்பன் தேடுதலில் எழுந்த சில வரலாற்றுச் சிக்கல்கள்

காவல் என்னும் சொல் தமிழில் இருபொருள் பயந்து வழங்குகின்றது. உயிரையும் உடைமையையும் பிறர் செய்யும் தீங்கினின்றும் காத்தல் ஒரு பொருள்; ஒருவனைப் பிடித்து அடைத்துவைத்தல் மற்றொரு பொருள். ‘ஊர்க்காவல்’ என்னும்போது முன்னதும், ‘காவலில் வைத்தனர்’ என்னும்போது பின்னதும் நம் கருத்துக்கு வரும். இவ்விரண்டும் ஒரே மக்கள்மேல் ஒரே காலத்தில் வந்து கவிந்த நிகழ்ச்சி ஒன்று அண்மைக்காலத் தமிழக வரலாற்றில் உண்டு. தமிழகமும் கருநாடகமும் கூடும் மலைக்காடுகளில் யானைத் தந்தமும் சந்தனமரமும் கவர்ந்து, தடுக்க வந்தோரைக் கொன்று திரிந்த வீரப்பனைப் பிடித்தற்பொருட்டு இரு மாநில அரசுகளும் நடத்திய நெடுந்தேடுதலே அந்நிகழ்ச்சியாகும். பல்லாண்டுகள் நீண்ட அது 2004-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18-ஆம் நாள் முடிவுற்றது.

இத்தேடுதலைப் பற்றிச் செய்தியாளரும் காவல்துறை அதிகாரிகளும் எழுதியுள்ளனர். அவர்தம் எழுத்துகளில் பெரும்பாலன தேடப்பட்டவனையும் தேடியவரையும் பற்றியன. இவ்விருவர்க்கும் இடையே, காட்டின் விளிம்பில் வாழ்ந்தோரைப் பற்றி நாம் அறிதற்குச் சிறந்த கருவிகள் நீதிமன்றத் தீர்ப்புகளும் விசாரணைக் குழுவின் முடிவுகளுமே. அவற்றைக் கொண்டு, பொதுமக்களின் பாதுகாப்புக்கும் தனிமனிதனின் உரிமைக்கும் இடையே நேர்ந்த முரணை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுறுத்தல் வேண்டும். அரசு அஞ்சிய இடர் கற்பனை அன்று. 1952-ஆம் ஆண்டு கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பன் 1986-இல் ஒருமுறை பிடிபட்டுக் காவலிலிருந்து தப்பியவன். அவனாலும் அவன் கூட்டத்தாராலும் உயிரிழந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டவர். அவருள் வனத்துறை அதிகாரி பி. சீனிவாசு தனித்து எண்ணத்தக்கவர். அவர் படைவலியை நம்பாது மக்களின் நம்பிக்கையை நாடியவர். வீரப்பனது ஊராகிய கோபிநத்தத்திலேயே மருத்துவ உதவிக்கு வழிசெய்து, மாரியம்மன் கோயிலும் எழுப்பியவர். சரணடைகின்றேன் என்று சொல்லியனுப்பிய சொல்லை நம்பிப் படைக்கலம் இன்றிச் சென்ற அவரை, 1991-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் வீரப்பன் கொன்றான். அன்புவழி ஒன்றே போதும் என்பார்க்கு இந்நிகழ்ச்சி எளிதில் விடைகூற இடந்தருவதன்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் ஒரு துப்பை நம்பிச் சென்று மீன்யத்துக்கு அருகே பதுங்கியிருந்தோரால் கொல்லப்பட்டனர். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பாலாற்றுக்கு அருகே நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் மாண்டனர். மாண்டோர் அனைவரும் காவலர் அல்லர். வழிகாட்டவும் துப்புக் கொடுக்கவும் உடன்சென்ற ஊராரும் அவருள் இருந்தனர்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் இணைத்து நோக்கின், துப்பு என்பது அக்காட்டில் எத்துணைக் கூரிய இருபுறவாளாக இருந்தது என்பது புலப்படும். பழந்தமிழில் துப்பு என்னும் சொல் வலிமை, துணை, நுகர்பொருள் ஆகியவற்றைக் குறித்தது. களவு போன பொருள் இருக்குமிடத்தைக் காட்டும் குறிப்பு என்னும் பொருள் பிற்காலத்தது. களவு போன மாட்டை மீட்டற்குத் தரும் பணத்தைத் தென்மாவட்டங்களில் ‘துப்புக்கூலி’ என்பர். பாலாற்றுக்குப் பின் துப்பு வலிமையும் ஆகவில்லை, துணையும் ஆகவில்லை. காவலர்க்குச் சொன்னவனை வீரப்பன் கொன்றான். சொல்லாதவனைக் காவலர் ஐயுற்றனர். ஒன்றும் அறியாதவனோ, தான் அறியாமையை மெய்ப்பிக்க வழியின்றி நின்றான். அறிந்ததை மெய்ப்பித்தல் ஒருவனுக்கு இயலும். அறியாததை மெய்ப்பித்தல் யார்க்கும் இயல்வதன்று. தேடுதலின் கொடுமைகள் யாவும் இந்நிலையிலிருந்தே கிளைத்தன என்பது எம் கருத்து.

1993-க்குப் பின் தமிழகச் சிறப்பு அதிரடிப்படை வால்டர் தேவாரம் தலைமையிலும், கருநாடகப் படை சங்கர் பிதரி தலைமையிலும் காடு புகுந்தன. எல்லைப் பாதுகாப்புப் படையும் துணைக்கு வந்தது. அவர்களுக்குப் படைக்கலத்தினும் வலிய கருவியாக வாய்த்தது ஒரு சட்டம். பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் என்பது அதன் பெயர். ‘தடா’ என்பது வழக்கு. அதன் 15-ஆம் பிரிவு, கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியிடம் ஒருவன் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாகக் கொள்ளலாம் என்றது. இஃது எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

சென்னை மாகாணத்தில் வரி தண்டுவோரும் காவல் ஏவலரும் மக்களை வதைத்தனர் என்னும் முறையீட்டை ஆராய அமைந்த குழு 1855-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. அக்குழுவினர் மூவருள் ஒருவர் ஜான் புரூசு நார்ட்டன். ‘கிட்டி’, ‘அண்ணாந்தாள்’ என்னும் தமிழ்ப் பெயர்கள் அவ்வாங்கில அறிக்கையில் அவ்வாறே இடம்பெற்றுள்ளன. கிட்டி என்பது விரல்களை நெரிக்கும் கருவி. அண்ணாந்தாள் என்பது ஒருவனை வளைத்துக் கட்டி நெடும்பொழுது அந்நிலையிலேயே நிறுத்தும் வதை. வதையினால் பெற்ற சொல் உண்மைக்குச் சான்றாகாது என்னும் உணர்வு வலுப்பெற்ற காலம் அது. 1861-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவலரிடம் செய்த ஒப்புதல் சான்றாகாது என விலக்கிற்று. 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அவ்விலக்கை நிலைநிறுத்தியது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சான்றுச் சட்டமும் அதனை விடவில்லை. அயலார் ஆட்சியே தன் ஏவலரை நம்பாது வகுத்த விதி அது. விடுதலை பெற்ற நாட்டின் நாடாளுமன்றம் தன் அதிகாரிகளை நம்பி அதனை நெகிழ்த்தியது. 1994-ஆம் ஆண்டு கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், சில காப்புகளைக் கூறி, அப்பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 1995-ஆம் ஆண்டு மே மாதம் தடாச் சட்டம் காலாவதியாயிற்று. எனினும் முன்னரே தொடங்கிய வழக்குகள் நின்றில. சட்டம் இறந்த பின்னும் அச்சட்டத்தாற் சிறைப்பட்டோர் சிறையிலேயே இருந்தனர்.

மைசூரில் அவ்வாறு இருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டவர். பிணையில் விடுதற்கும் அச்சட்டம் கடுந்தடை விதித்திருந்தது. ஆகவே விசாரணை முடியுமுன்னரே அவருட் பலர்க்கு ஏழெட்டு ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. அவர்களைப் பற்றி நாடு பெரிதும் பேசியதில்லை. 2000-ஆம் ஆண்டில் பேச நேர்ந்தது. அவ்வாண்டு சூலை 30-ஆம் நாள் இரவு, கன்னடத் திரைப்பட நடிகர் ராஜ்குமாரை ஈரோட்டு மாவட்டத் தாளவாடிப் பகுதியிலுள்ள அவரது ஊரிலிருந்து வீரப்பன் கடத்திச் சென்றான். மைசூர்ச் சிறையிலுள்ள தடாக் கைதிகளை விடுவித்தல் அவன் கேட்டவற்றுள் ஒன்று. கருநாடக அரசு இசைந்தது. குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெறுதற்கு அரசு வழக்கறிஞர் விண்ணப்பித்தார். தனி நீதிமன்றமும் இசைவளித்தது.

இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர், மீன்யத்தருகே கொலையுண்ட ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம். அவர் கேட்டது எளிய கேள்வி: ஒரு கொடியோன் மிரட்டினான் என்பதற்காகச் சட்டத்தின் வழியை அரசு மாற்றலாமா? 2000 நவம்பர் 7-ஆம் நாள் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, வழக்கைத் திரும்பப் பெற அளித்த இசைவை நீக்கியது. வழக்கைத் திரும்பப் பெறுதல் அரசு வழக்கறிஞர் தாமே ஆராய்ந்து, நீதியின் நலன் கருதிச் செய்யவேண்டுவது. அரசின் ஏவலுக்கு இணங்கிச் செய்வதன்று என்பது தீர்ப்பின் சாரம். சட்டநெறியின்படி அத்தீர்ப்பிற் குறைகாண இயலாது. 108 நாள்கள் சிறையிருந்தபின் நவம்பர் 15-ஆம் நாள் ராஜ்குமார் மீண்டார்.

ஆயின் வரலாற்றாசிரியன் அத்தோடு நிற்றல் தகாது. 2001 செப்டம்பரில் மைசூர்த் தனி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது, அக்கைதிகளிற் பெரும்பாலோர் குற்றம் மெய்ப்பிக்கப்படாமையின் விடுதலை பெற்றனர். அஃதாவது, எவரைப் பணயமாற்றாக விடுதல் நீதிக்கு இழுக்கு என்று வாதிடப்பட்டதோ, அவரிற் பெரும்பாலோரை எட்டாண்டுகளாக அடைத்துவைத்தற்கே போதிய சான்று இருந்திலது. கொள்ளைக்காரனின் மிரட்டலும் நீதிமன்றத்தின் மாண்பும் எதிரெதிர் நின்று போரிட்ட அக்களத்தில், அம்மக்களின் குற்றமின்மை இருதரப்பார்க்கும் பயன்படாத செய்தியாகவே கிடந்தது. அவர்களின் விடுதலையைக் கேட்டவன் கொலைஞன் ஆனமையின் அவ்வேண்டுகோளே மாசுற்றது. வேறு எவரும் அதுகாறும் ஓங்கிக் கேட்டிலர் என்பதும் உண்மை.

தண்டனை பெற்றோர் கதையும் நெடியது. பாலாற்று வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று மேல்முறையீடு செய்தோருள் நால்வருக்கு 2004 சனவரியில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அவர்தம் கருணை மனு 2013-இல் மறுக்கப்பட்டது. 2014 சனவரி 21-ஆம் நாள், நெடுங்காலத் தாழ்ப்பைக் காரணமாக்கி, அதே நீதிமன்றம் அத்தண்டனையை மீண்டும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

வழக்கே இன்றி அடைக்கப்பட்டோர் நிலை யாது? அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு, கைதானவனை 24 மணி நேரத்துள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்துக என்கின்றது. மாதேசுவரன் மலையில் அதிரடிப்படை நடத்திய முகாமில் இவ்வுறுப்பு செல்லவில்லை. அங்கிருந்த வதைக்கூடத்தை ஊரார் ‘ஒர்க்‌ஷாப்’ என்றனர். ஆங்கிலத்தில் தொழிற்கூடத்தைக் குறிக்கும் சொல், கன்னடமும் தமிழும் பேசும் மலைமக்கள் வாயில் இப்பொருள் பெற்றது சொல்வரலாறு ஆராய்வார் குறித்துக்கொள்ளத்தக்கது. 1855-இன் அறிக்கையில் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துட் புகுந்தன. இங்கு ஆங்கிலச் சொல் மலைமக்கள் வழக்கிற் புகுந்தது. பொருள் மட்டும் மாறிற்றிலது.

மனித உரிமை அமைப்புகளின் முறையீட்டை ஏற்றுத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. கருநாடக உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஏ. ஜே. சதாசிவா அதன் தலைவர். நடுவண் புலனாய்வுத் துறையின் தலைவராக இருந்த சி. வி. நரசிம்மன் மற்றோர் உறுப்பினர். காவல்துறையின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் அதில் இடம்பெற்றமை அதன் முடிவுகளுக்கு வலிமை சேர்ப்பதாகும். 2003-இல் அறிக்கை வந்தது. முறையற்ற சிறைவைப்பு, வதை, ஐயத்துக்குரிய துப்பாக்கிச் சூடுகள் ஆகியன அதில் எடுத்துரைக்கப்பட்டன. 2007 சனவரியில் ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமாக அளிக்குமாறு பரிந்துரைத்தது.

இவ்விடத்து ஓர் இலக்கியத்தையும் சுட்டுதல் பொருந்தும். வழக்கறிஞர் ச. பாலமுருகன் எழுதி 2004-இல் வெளிவந்த ‘சோளகர் தொட்டி’ என்னும் புதினம், காட்டையே வாழ்வாகக் கொண்ட சோளகர் இவ்விருதலைக் கொள்ளியில் அகப்பட்ட வரலாற்றைப் பொருளாக உடையது. புதினத்தை அப்படியே வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் முறையன்று. ஆயினும் விசாரணைக் குழுமுன் நின்ற ஒருவன் தனக்கு நேர்ந்ததை மட்டுமே கூறுவான். அதற்கு முன்னர்த் தன் ஊர் எவ்வாறு இருந்தது என்பதை அவனிடம் யாரும் கேளார். அவ்வாழ்வை அறிதற்கு ஆவணங்களைவிடப் புதினமே நமக்கு உதவுகின்றது. தமிழ்த்துறை மாணவர் இவ்விரண்டையும் ஒப்பவைத்துப் படிப்பாராயின் நல்லதோர் ஆய்வு உருவாகும்.

வாச்சாத்தி நிகழ்ச்சி இதனொடு சேர்த்தெண்ணத்தக்கது. ஆயினும் சற்று வேறுபட்டது. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடியில் உள்ள அவ்வூர் வீரப்பன் உலவிய காட்டைச் சார்ந்ததன்று. அங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். சந்தனக் கடத்தலை ஒழித்தல் என்னும் பெயரால் அந்நாளில் எங்கும் பரவியிருந்த ஐயம் அவ்வூரையும் சூழ்ந்தது. 1992-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றையும் சார்ந்தோர், பின்னர்க் குற்றஞ்சாட்டப்பட்டோர் தொகைப்படி 269 பேர், ஊருட் புகுந்தனர். வீடுகளை இடித்தனர், பொருள்களை அழித்தனர், 18 பெண்களைக் கற்பழித்தனர். ஊராரிற் பெண்களையும் குழந்தைகளையும் சேலம் சிறைக்கு அனுப்பினர். அதிகாரிகள் மறுத்தனர். பட்டியல் இனத்தார், பழங்குடியினர் ஆணையத்தின் இயக்குநர் பாமதி நேரிற் சென்று கண்டு எழுதிய அறிக்கையும், அ. நல்லசிவன் தொடுத்த வழக்கும் இல்லையெனின் அம்மறுப்பே வரலாறாக நின்றிருக்கும். 1995-இல் நடுவண் புலனாய்வுக்கு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2011 செப்டம்பர் 29-ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அவருள் வனத்துறையினர் 126, காவலர் 84, வருவாய்த்துறையினர் 5. அரசின் ஏவலர் இத்துணைப் பேர் ஒரே வழக்கில் ஒருவர்கூடத் தப்பாது தண்டனை பெற்றமை அரிதினும் அரிது.

இக்கொடுமைகளை ஒப்பும் அறிஞரும் ஒரு தடை கூறுவர். காட்டிற் பதுங்கிய கொலைஞனைப் பிடிப்பதில் நகரத்து நீதிமன்ற விதிகள் பொருந்தா. பாதுகாப்பு என்னும் தட்டுக்கு உரிமை என்னும் தட்டுச் சற்றுத் தாழவேண்டும் என்பது அவர் கூற்று. இத்தராசு உவமை பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. ஆயின் அது பிழைபட்ட உவமை. ஒருவன் தன் உரிமையிற் சிறிதை விட்டுத் தன் பாதுகாப்பைப் பெறுவானாயின் அது தராசு. இங்கோ, பாதுகாப்புப் பெற்றோர் ஒருவர். உரிமை இழந்தோர் மற்றொருவர். பெங்களூரிலும் சென்னையிலும் இருந்தோரின் அமைதிக்குக் கோபிநத்தத்தாரும் சோளகரும் விலைகொடுத்தனர். அவர்க்குப் பாதுகாப்பும் கிட்டவில்லை. வீரப்பன் அவர்களைக் கொல்வதை அத்துணைப் படையும் தடுத்ததில்லை.

தேடுதல் முடிந்த முறையும் இதற்கு ஒத்த சான்று. கே. விஜயகுமார் தலைமையில் தமிழக அதிரடிப்படை இறுதியிற் கையாண்டது ஊர்களைச் சூழ்ந்து வதைக்கும் முறை அன்று. அவன் தொடர்புகளினூடே தம் ஆள்களைப் புகுத்தி, கண் மருத்துவத்துக்கென அவனை வெளியே வரச்செய்து, மருத்துவ ஊர்தியில் ஏற்றிப் பாப்பாரப்பட்டிக்கு அருகே மடக்கினர். அவனும் உடன்வந்த மூவரும் சுடப்பட்டு இறந்தனர். உயிருடன் பிடித்திருத்தல் கூடுமா என்னும் வினாவை மனித உரிமையாளர் எழுப்பினர். நீதிநெறி ஒருபுறம் இருக்க, வரலாற்றுக்கு அதனால் நேர்ந்த இழப்பு வெளிப்படை. இத்தனை ஆண்டுகள் அவனிடம் தந்தமும் சந்தனமும் வாங்கியோர் யாவர் என்பதை அவன் எந்த நீதிமன்றத்திலும் கூறாமலே மறைந்தான்.

சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பயின்று வரும். ஊர்க்காவல் உரிமையையும் அதற்கெனத் தண்டிய வரியையும் அது குறிக்கும். பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வழங்கிய காவல்முறையில், காவற்காரன் கூலியாக நெல் பெற்றான். களவு போயின் அப்பொருளுக்கு அவனே ஈடு கொடுத்தான். அம்முறையைப் போற்றுதல் எம் நோக்கம் அன்று. காவற்காரரே களவு செய்து கூலி வளர்த்த கதைகளும் உள. எனினும் காப்பவனே இழப்புக்கும் பொறுப்பு என்னும் கொள்கை அதில் இருந்தது. கம்பெனியார் காவலை அரசின் துறையாக்கியபோது கூலி சம்பளம் ஆயிற்று. ஈடுகொடுக்கும் கடமை எங்கோ மறைந்தது.

2004-இல் தமிழக அரசு அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 இலட்சம் ரூபாயும் வீட்டுமனையும் பதவி உயர்வும் அறிவித்தது. ஆணையம் 89 பேருக்குப் பரிந்துரைத்த தொகையை வகுத்துப் பார்ப்பின், ஆளுக்குத் தக வேறுபட்டதாயினும், சராசரி 3 இலட்சத்துக்குச் சற்றே மிகும். பரிசு அறிவிக்க இரு வாரங்கள் போதுமாயிருந்தன. நிவாரணப் பரிந்துரைக்கு, குழு அமைந்த நாள்தொட்டு, ஏழாண்டுகளுக்கு மேற் சென்றன. இரண்டும் அரசின் கருவூலத்துக்குரிய பணமே. வதைத்தவர் கையிலிருந்து எதுவும் கேட்கப்படவில்லை. வாச்சாத்தி வழக்கில் மட்டும் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29-ஆம் நாள் மேல்முறையீடுகளைத் தள்ளியபோது வேறுவகையாக ஆணையிட்டது. கொடுமைக்குள்ளான 18 பெண்களுக்கும் தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் தருக என்றும், அதிற் பாதியைத் தண்டனை பெற்றோரிடமிருந்தே பெறுக என்றும், அந்நாளைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மேலும் நடவடிக்கை எடுக்க என்றும் அது கூறிற்று. அப்பெண்களிற் சிலர் அதற்குள் இறந்துவிட்டனர். அவர்க்குரிய தொகை அவர்தம் குடும்பத்தார்க்கு உரியதாயிற்று.